பார்க்கும்போது மட்டும் ஓடும் வயர்

என் கணவர் தையல்காரர். ஹாலில் அவர் மெஷின் ஓடினால் படுக்கையறைச் சுவரும் சேர்ந்து ஆடும். அந்த அறையில்தான் என் கம்ப்யூட்டர்.

இன்று பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை பேச்சின் நடுவில் இணைப்பு போய்விட்டது. "இன்னொரு தடவை போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்துக் கைக்கு எட்டுகிற வேலை. விட மனசில்லை.

ஆனால் என் கணவர் வந்து பார்த்தால் அந்தச் சனியன் பிடித்த இன்டர்நெட் வயர் சமர்த்தாக வேலை செய்யும். "நல்லாத்தானே இருக்கு? உனக்குக் கைராசி இல்ல" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளக்கை மாற்றினோம், மோடத்தையே மாற்றினோம். ம்ஹூம்.

கோபம் அடங்கியதும் ஒரு குறுகுறுப்பு வந்தது. அதென்ன எனக்கு மட்டும்? எப்போதெல்லாம் போகிறது என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்தேன். அக்காவோடு ஒரு மணி நேரம் அரட்டை அடித்தால் போவதில்லை. முக்கியமான பேச்சென்றால் போய்விடுகிறது. வயருக்கு அது எப்படித் தெரியும்?

பத்தே முக்காலுக்கு, மெஷின் சத்தம் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தினேன். இணைப்பு போனது. திறந்தேன், வந்தது. மறுபடி சாத்தினேன், போனது.

"இங்க வாங்களேன்!"

ஹாலில் இருக்கும் மோடத்திலிருந்து வயரைக் கதவின் கீல் பக்கமாக விறைப்பாக இழுத்து ஆணி அடித்தது அவர்தான். கதவை மூடினால் இடுக்கில் நசுங்குகிறது. முக்கியமான பேச்சின் நடுவில் மெஷின் ஓடினால் நான் கதவைச் சாத்துவேன்; அவர் பார்க்க வரும்போது கதவு திறந்துவிடும்.

"ஊருக்கெல்லாம் தையல்ல ரெண்டு விரல் துணி விட்டுத் தைக்கிறீங்க. நம்ம வீட்டு வயருக்கு ஒரு சாண் விடக் கூடாதா?"

"தொளதொளன்னு தொங்குனா நல்லாருக்காதேன்னு..." தலையைச் சொறிந்தார்.

வயரைப் பிரித்து அடிக்க நேரமில்லை. கதவு திறந்தே இருக்க வேண்டும். அவருக்கோ பன்னிரண்டு மணிக்குள் ஒரு சட்டையை முடித்தாக வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ பேசு" என்று போனார். மெஷின் நின்றது.

நாற்பது நிமிஷம் இணைப்பு போகவில்லை. கடைசியில் மேலாளர் அம்மா கேட்டார்: "வீடு இவ்வளவு அமைதியா இருக்கே, தனியாவா இருக்கீங்க?"

திறந்த கதவு வழியே பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, வேர்வை வழிய, அந்தச் சட்டையைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க மேடம், என் வீட்டுக்காரர் இருக்கார்" என்றேன்.

"சரி, திங்கட்கிழமை சேந்துடுங்க."

அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நான் திரையை அணைப்பதற்குள் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது.