ஒருவர் இறங்கி முடிக்கும்வரை

கார்லீனுக்கு முழங்கால் போய்விட்டது என்றுதான் லூபா நம்பியிருந்தாள். நவம்பரில் தொலைபேசியில் அவளே சொன்னது. "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார் லூபா. இந்த வருஷம் ஸ்கீயைத் தொடவே கூடாதாம்." அன்று சாயங்காலமே லூபா ஒரு பானை பீட்ரூட் போர்ஷ் சூப் வைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கார்லீன் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வலி போலிருக்கிறது என்று லூபா நினைத்துக்கொண்டாள்.

பதினேழு வருஷமாக இருவரும் ஒன்றாகத்தான் மலை ஏறினார்கள். லிஃப்டும் கூட்டமும் இல்லாத மலைகள். பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைக்கு அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறினால், இறங்க ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துக்காக வேலையை விட்டவர்கள் அவர்களுடைய நெல்சன் ஊரில் உண்டு. கல்யாணத்தைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. லூபா இரண்டாவது ரகம். அதற்காக அவள் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. கார்லீன் இருந்தாளே.

ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு மடிப்புகூட இல்லாமல் விரிந்துகிடக்கும் ஒரு சரிவை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து, மேசைத்துணி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேச்சு.

பிப்ரவரியில் ஒருநாள் விடியும்போது முழங்கால் அளவு புதுப்பனி விழுந்திருந்தது. தனியாகப் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று தெரிந்தும் லூபா மேசைத்துணிக்குக் கிளம்பினாள். இரண்டரை மணி நேரம் பனியை உழுது, தானே வழி போட்டு ஏறினாள். முதுகு வியர்வையில் நனைந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பட்டாணி அடைத்த பன்னைக் கடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. அவள் போட்ட வழியில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தது முப்பது வயதுப் பெண். மூச்சு வாங்கியபடி சிரித்தாள்.

"வழி போட்டது நீங்கதானா? நீங்க நல்லா இருக்கணும். கீழேருந்து உங்களை வாழ்த்திக்கிட்டேதான் வரோம். வழி நடுவுல யாரும் மூத்திரம்கூடப் போகல, அப்பவே நினைச்சேன், இது பழைய கைதான்னு."

லூபாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பின்னால் வந்தவள் வளைவைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தாள். கார்லீன்.

லூபா மிச்சப் பன்னைப் பைக்குள் திணித்தாள்.

"முழங்கால் தேவலையா?" என்றாள் லூபா.

"தேவலை."

"முழங்காலா?" அந்தப் பெண் திரும்பினாள். "உங்களுக்கு முழங்கால்ல என்ன? டிசம்பர்லேருந்து வாரம் ரெண்டு நாள் என்னை ஓட ஓட விரட்டுறீங்களே." சொன்ன பிறகுதான் இருவர் முகத்தையும் பார்த்தாள். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. "நான் பிரின்," என்று லூபாவிடம் அவசரமாகச் சொன்னாள். "மீதி தூரத்துக்கு நான் முன்னாடி போறேன். நீங்க உழுதது போதும். ஆனா முதல்ல இறங்குறது நீங்கதான், அதுல பேச்சே இல்ல."

அதுதான் முறை. அடுத்தவர் போட்ட வழியில் ஏறி வருபவர் நன்றி சொல்லி முன்னால் போய்க் கொஞ்சம் உழ வேண்டும். இறங்கும்போது முதல் தடம் வழி போட்டவருக்கு. பிரின் இருவரையும் விட்டு விலகி வேகமாக ஏறினாள்.

லூபாவும் கார்லீனும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்.

"பொய் சொல்லாம, என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலைன்னு சொல்லிருக்கலாமே."

"மூஞ்சி இல்லடி."

"பின்ன? நான் கிழவியாயிட்டேனா? மெதுவாப் போறேனா?"

"மெதுவாப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள் கார்லீன். "போன மார்ச்சு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வேறொரு மலை, குறுகலான சரிவு. கார்லீன் முதலில் இறங்கிப் பாதியில் இருந்தாள். அப்போது முகட்டில் மூன்று பேர் வருவது தெரிந்தது. தொடாத பனியை அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பதைப்பு. கார்லீன் ஓரமாக ஒதுங்கிக் கம்பைத் தூக்கிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டிய லூபா காத்திருக்கவில்லை, இறங்கிவிட்டாள். காலடியில் பனி விரிசல்விட்டது. கதவளவு பாளங்கள் உருண்டு, கார்லீனுக்கு இடது கைப்பக்கம் ஓர் ஆள் தூரத்தில் போய் மரங்களில் மோதி உடைந்தன. கார்லீன் மரம்போல நின்றாள். லூபா இறங்கி வந்து, "தப்பிச்சோம்டி," என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் பீர் வாங்கிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு தடவை, கார்லீன். பதினேழு வருஷத்துல."

"பனி எண்ணிக்கிட்டா இருக்கும்?"

லூபா கம்பை ஊன்றி அடுத்த அடி வைத்தாள்.

"அன்னிக்கு பார்ல நாலு பேர்கிட்ட அதைச் சிரிப்புக் கதையாச் சொன்ன. நானும் உக்காந்து சிரிச்சேன். வீட்டுக்குப் போய் விடியறவரைக்கும் விளக்கை அணைக்கல. நீ வந்து ஒரு வார்த்தை கேப்பேன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் பனி உருகிடுச்சு."

"என்னைத் திட்டிருக்கலாம்."

"ஆமா. அது என் தப்பு."

உச்சியில் பிரின் காத்திருந்தாள். பனியில் புதைந்தால் இருக்கும் இடம் காட்டும் கருவி மூவரிடமும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொருவர் மார்பருகிலும் வைத்துப் பார்த்தாள். "நீங்க தனியா இறங்க வேண்டாம். மூணு பேரும் ஒரே குழுவா, ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தரா இறங்குவோம். நீங்க போங்க."

கீழே மேசைத்துணி கிடந்தது.  இந்தப் பெண்ணுக்கு இதையும் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று லூபாவுக்கு ஒரு கணம் ஆத்திரம். மறுகணம், வேறு எங்கேதான் கூட்டிப்போவாள் என்றும் தோன்றியது.

நடுவில் அகலமாக வளைந்து போகலாம். அவளுக்கு உரிமை உண்டு. அவள் இடது ஓரத்தை ஒட்டியே, சின்னச் சின்ன வளைவாக இறங்கினாள். மற்றவர்களுக்கு முழுச் சரிவும் மிச்சம் இருந்தது. பனி மார்புவரை புகைபோல எழுந்தது. எத்தனை துக்கத்தையும் மறக்கடிக்கும் பனி அது. இன்று ஒன்றும் நடக்கவில்லை. கீழே பெரிய மரங்களுக்குள் ஒதுங்கி நின்று கம்பைத் தூக்கிக் காட்டினாள்.

போய்விடலாம் போலிருந்தது. ஆனால் கூட இறங்குபவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை நின்று பார்த்தாக வேண்டும்.

அடுத்து பிரின் வந்தாள். லூபாவின் தடத்துக்குப் பக்கத்திலேயே ஒழுங்காகத் தடம் வைத்து வந்தவள், பாதியில் குப்புற விழுந்தாள். ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் புதைந்துவிட்டது. கம்பால் குத்திக் குத்தித் தேடினாள்.

"மன்னிச்சிருங்க கார்லீன்," என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"மெதுவாத் தேடு," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

கால் மணி நேரம் ஆனது. மேகம் இறங்கியது, காற்று கூடியது. வியர்வை ஆறினால் முகட்டில் எப்படிக் குளிரும் என்று லூபாவுக்குத் தெரியும். மேலே கார்லீனின் சிவப்புச் சட்டை ஓர் அடிகூட நகரவில்லை. பிரின் ஸ்கீயை மாட்டி, இறங்கி, மரங்களுக்குள் வந்து கம்பைத் தூக்கிய பிறகுதான் நகர்ந்தது. லூபா கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள்.

கார்லீன் வந்து நின்றதும் லூபாவே கிட்டப் போனாள். "மன்னிச்சிருடி. அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு, லூபா."

"அப்போ அடுத்த வாரம்..."

"இல்லடி." கார்லீனின் கண்ணும் கலங்கியிருந்தது. "வீட்டுக்கு வா, வரேன். மலைக்கு மட்டும் உன்கூட முடியாது. நீ மேல நிக்கிறேன்னா நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் இறங்குவேன். அப்படி இறங்கத் தெரியாது எனக்கு."

சற்றுத் தள்ளி நின்ற பிரின், "இன்னொரு தடவை ஏறலாமே, இடம் நிறைய இருக்கு," என்றாள். லூபா தலையசைத்து மறுத்துவிட்டு ஸ்கீயைத் திருப்பினாள்.

"காருக்குப் போனதும் செய்தி அனுப்பு," என்றாள் கார்லீன்.

'வந்துட்டேன்' என்று லூபா அனுப்பினாள். 'சரி' என்று பதில் வந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சில் மங்கும்வரை காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் முதல் வாரம், ஸ்கீ கடைப் பலகையில் துணை தேடுபவர்கள் குத்திவைக்கும் அட்டைகளுக்கு நடுவே தன்னுடையதையும் குத்தினாள். பெயர், எண், பதினேழு வருஷ அனுபவம். அதற்குக் கீழே: 'ஒரு தடவை, தோழி இறங்கி முடிப்பதற்குள் இறங்கியிருக்கிறேன்.'

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "கடைசி வரியை அடிச்சிடும்மா. இதைப் பார்த்தா யாரு கூப்பிடுவா?"

"தெரிஞ்சுதான் கூப்பிடணும்," என்றாள் லூபா.

ஏப்ரலில் பனி உருகி முடியும்வரை யாரும் கூப்பிடவில்லை.