போட்டுக் காட்டுங்க

சமியுல்லாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சேலத்துச் செயற்கைக்கால் பட்டறையில் அவர் சத்தம் கேட்கவில்லையென்றால் அன்றைக்கு அவர் லீவு என்று அர்த்தம். செய்துகொடுத்த காலை வீட்டு மூலையில் சாத்தி வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

அன்றைக்குச் சின்னண்ணன் மாட்டிக்கொண்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்த மனுஷன். போர் போடும்போது வண்டியின் கம்பம் கரண்டு லைனில் உரசி, இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே போய்விட்டது, வலது கால் முழங்காலுக்குக் கீழே. கைக்கு அளவெடுக்க இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், முதலில் காலை மட்டும் செய்து கொடுத்திருந்தார் சமியுல்லா. அளவு பார்க்க ஒவ்வொரு தடவையும் அவரே மாட்டிவிட்டு, அவரே நடக்கவைத்து, "பந்தயக் குதிரைதான் போங்க" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

இப்போது மனைவி பெருமாயி அந்தக் காலைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். உள்ளே தூசி. பாதத்தில் தேய்மானமே இல்லை.

"என்னண்ணே இது? நடக்கத்தானே குடுத்தேன், கொலு வைக்கவா?"

"நடக்கறனுங்க பாய். அப்பப்ப."

"பொய் வேற! எத்தனை பேரு காத்துக் கெடக்கறாங்க தெரியுமா? வேண்டாம்னா சொல்லுங்க, வேற ஆளுக்கு மாட்டிவிடறேன்."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெருமாயி குனிந்து காலை எடுக்கப் போனாள்.

"நீங்க தள்ளுங்கம்மா. அவரே போடட்டும். போட்டுக் காட்டுங்கண்ணே, பாக்கலாம்."

சின்னண்ணன் முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, குறைக்காலில் மாட்டும் துணி உறையைப் பல்லில் கடித்து, குறைக்கைகளால் தள்ளித் தள்ளி ஒருவழியாக ஏற்றினார். செயற்கைக்காலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து உள்ளே அழுத்தினார். அதுவும் போனது. முழங்காலுக்கு மேல் சுற்றிக் கட்டும் பெல்ட்தான் பாக்கி. அதன் முனையைக் கவ்விப் பக்கிளுக்குள் நுழைக்கப் பார்த்தார், நழுவியது. மறுபடி கவ்வினார். பெல்ட்டில் எச்சில் வழிந்தது. எதிர்பெஞ்சில் இருந்த பெண்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேட்டி விலகிப்போனதைக்கூட அவரால் சரிசெய்ய முடியவில்லை. பெருமாயிதான் ஓடிவந்து இழுத்து மூடினாள்.

சமியுல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விரலே இல்லாத மனுஷனுக்குப் பக்கிள் வைத்த பெல்ட்! யா அல்லாஹ்! இங்கே எப்போதும் தானே மாட்டிவிட்டதில், வீட்டில் இவருக்கு யார் மாட்டுவார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அதற்கு இவரையே ஊர் பார்க்க வைதாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் வெட்கமாக இருந்தது.

"போதும்ணே, விடுங்க. கழட்டிக் குடுங்க" என்று சமியுல்லா செயற்கைக்காலைப் பிடித்தார்.

சின்னண்ணன் இரண்டு குறைக்கைகளையும் குறுக்கே போட்டு அதை அணைத்துக்கொண்டார். "வேண்டாங்க பாய்! வேற ஆளுக்குக் குடுத்துறாதீங்க. இன்னுங் கொஞ்சம் பொறுங்க, மாட்டீருவனுங்க."

பெருமாயி அழுதேவிட்டாள். "நான் கோழிப்பண்ணைக்குப் போறப்ப மாட்டிவுட்டா, பொழுதோட நான் திரும்பி வார வரைக்கும் அவரால கழட்ட முடியறதில்லீங்க. ஒரு நா உள்ள புண்ணாயி ரத்தமே வந்துருச்சு. சொன்னாக் காலைப் புடுங்கிக்குவாங்க, சொல்லாதேன்னுட்டாருங்க."

"தப்பு என்னுதும்மா" என்றார் சமியுல்லா. அது பெருமாயிக்கே சரியாகக் கேட்டிருக்காது. கூடத்துக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை.

சமியுல்லா சின்னண்ணனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "நான் காலை எடுக்கலண்ணே. இந்தப் பக்கிளை அறுத்துட்டு, பெரிய வளையமா வெச்சு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை தெச்சுத் தரேன். கையை உள்ளவிட்டு இழுத்தாப் போதும். நீங்களே மாட்டலாம், நீங்களே கழட்டலாம். இங்கேயே, உங்க கண்ணு முன்னாலயே தெக்கறேன்."

சின்னண்ணன் விடவில்லை. விரலில்லாத பிடி, விலக்குவது பெரிய காரியமில்லை. சமியுல்லாவுக்குத்தான் கை எழவில்லை. நம்பலாமா என்று கேட்பதுபோல் சின்னண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் சமியுல்லாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.