நூற்றுப்பன்னிரண்டாவது அடுக்கு

ஏரியில் எத்தனை அடி வண்டல் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நீர்வள அலுவலகத்தில் மண் பரிசோதகர். படகு ஓட்டுபவன் அவள் கணவனின் தம்பி. வாய் ஓயாதவன் என்பதால் எல்லோருக்கும் அவன் ‘ரேடியோ’.

அடுத்த வாரம் தூர்வாரும் இயந்திரம் வருகிறது. அதற்குள் கணக்கு வேண்டும். இருவரும் நடு ஏரிக்குப் போய், இரண்டு ஆள் நீளக் குழாயைக் கெட்டித் தரை தட்டும்வரை சேற்றில் அடித்து இறக்கி, கயிறு கட்டி இழுத்தார்கள்.

“பத்து வருஷமா இந்தத் தண்ணி மேல ஓட்டுறேன் அண்ணி. கீழ இவ்ளோ சேறு கிடக்குன்னு ஒருத்தரும் சொல்லல.”

“சொல்றதுக்கு நீ எங்க இடம் குடுத்த?”

ஆய்வறை மேசையில் குழாயை நீளவாக்கில் அறுத்து, மெல்லிய கம்பியால் சேற்றைப் பிளந்தாள். உள்ளே கோடு கோடாக இருந்தது. மழை கொண்டுவந்தது வெளிர் கோடு. மற்ற மாதங்களில் படிந்தது கறுப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு வருடம்.

ரேடியோ குண்டூசி குத்தி எண்ணினான். “இதோ நான் பொறந்த வருஷம். இம்மாத்தூண்டு!” அதற்கும் கீழே போகப்போக அவன் குரல் இறங்கியது.

நூற்றுப்பன்னிரண்டாவது இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கோடே இல்லாத மணல்.

“பெரிய வெள்ளம். ஒரே நாள்ல வந்து கொட்டினது,” என்றாள். மணலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியால் தூக்கினாள்.

ஓர் இலை. நரம்புகூடக் கலையாமல், இப்போதுதான் பறித்தது போலப் பச்சையாக.

பொறியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எத்தனை அடிம்மா? மேலேருந்து போன் மேல போன்.”

“ஒம்பது அடி சார். அதை விடுங்க, ஓடி வந்து இதைப் பாருங்க!”

மூவரும் குனிந்தார்கள். காற்றுப் பட்ட இலை ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது. பழுப்பானது, அரை நிமிடத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே போன் அடித்தது, யாரும் போகவில்லை.

“பச்சையா பாத்தது நாம மூணு பேர்தான், இல்ல அண்ணி?” என்றான் ரேடியோ, மிக மெதுவாக. அவள் தலையாட்டினாள்.

அறிக்கையில் ஒன்பது அடி என்று எழுதியவள், அடுக்குகள் கலையாமலிருக்க, குழாய் இறக்கிய இடத்தைச் சுற்றி ஒரு ஏக்கரைத் தோண்டாமல் விடவேண்டும் என்றும் சேர்த்தாள். பொறியாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை, மிதவை அங்கியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அவரே படகுத்துறையில் நின்றார்.

“தம்பி, இன்னொரு குழாய் இறக்கிப் பாக்கலாமா?”