படிவத்தின் பின்பக்கம்

தங்கைக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. அக்கா கூப்பிடுவது அவசரக்குடுக்கை என்று. அக்கா வைத்த பேர்தான் கடைசியில் பொருந்தித் தொலைத்தது.

பல்கலைக்கழக நூலகத்தின் தகவல் மேசையில் அக்காவுக்குப் பன்னிரண்டு வருட வேலை. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, இல்லை என்றால் ஏன் இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்வது. போன வருடம் அதே கூடத்தில் ஆறு திரைகளில் ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகள் அதற்கு 'மேதாவி' என்று பட்டப்பேர் வைத்தார்கள். மேதாவியைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தங்கையின் முனைவர் பட்ட ஆய்வு.

இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். முன்பக்கம் டிக் அடிக்கும் கேள்விகள். பின்பக்கம் மனதில் பட்டதை எழுத வெறும் கோடுகள். கையெழுத்தா அது? கோழி கிளறிய குப்பை! இரண்டைப் படிப்பதற்குள் கண் பூத்துப்போய், மொத்தத்தையும் ஸ்கேன் செய்து மேதாவியிடமே கொடுத்தாள். ஒரு டீ குடித்து வருவதற்குள் அறிக்கை தயார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் திருப்தி. பின்பக்கத்திலிருந்து நாற்பது மேற்கோள்கள் வேறு. அதில் பதினோரு பேர், மேசையில் ஆள் தேவையில்லை என்றிருந்தார்கள். படித்தபோது சுருக்கென்றது. அவர்கள் சொன்னதை மாற்ற நாம் யார் என்று நெறியாளரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதை நூலகக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

தகவல் மேசையை எடுத்துவிடலாமா என்று முடிவு செய்ய இன்று பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது.

காலையில், பின்னிணைப்பில் சேர்க்க ஒரு படிவத்தை மறுபடி ஸ்கேன் செய்யப் போனாள். 'ஒரு பக்கமா, இரு பக்கமா?' என்று இயந்திரம் கேட்டது. போன தடவை இந்தக் கேள்வியை அவள் பார்த்த ஞாபகமே இல்லை. பழைய கோப்பைத் திறந்தாள். நானூற்று இருபத்துநான்கு பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தது.

மேதாவி பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் அந்த நாற்பது மேற்கோள்கள் யாருடையவை?

படிவங்களைப் புரட்டினாள். "இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் குடுத்துச்சு. ஒரு செமஸ்டர் போச்சு." அடுத்ததில்: "அப்படி ஒரு புத்தகமே கிடையாதுன்னு மேசை அக்காதான் கண்டுபிடிச்சாங்க. அவங்கள எடுத்துடாதீங்க." இன்னொன்றில்: "பொய்யையும் மரியாதையா சொல்லுது. பயமா இருக்கு."

படிவக் கட்டை அள்ளிக்கொண்டு குழு கூடும் அறைக்கு ஓடினாள்.

"ஏய் அவசரக்குடுக்கை, படியில பாத்துப் போ!" மேசையிலிருந்து அக்கா சிரித்தாள். "பட்டம் கைக்கு வந்ததும் மொதல்ல எனக்குத்தான் காட்டணும், ஆமா!"

அவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழுவின் முன் மூச்சு வாங்க நின்றாள். "சார், என் அறிக்கை தப்பு. அந்த மேற்கோள் எல்லாம் மேதாவி இட்டுக்கட்டினது. பசங்க எழுதினது இதுதான்."

நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் பட்டமே போயிடும். தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும் சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாகச் சொன்ன வார்த்தை அது. தலைவர் ஒரு படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கிறுக்கல யாரு உக்காந்து படிக்கிறது?"

"நானே படிக்கிறேன் சார். இருநூத்திப் பன்னெண்டையும் சத்தமா படிக்கிறேன்."

"ஒனக்கு ஏன்மா செரமம்?" என்று தலைவர், ஸ்கேன் இயந்திரத்தின் அருகில் நின்ற எழுத்தர் பக்கம் திரும்பினார். "ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி மேதாவிகிட்ட குடுங்க. எது சரின்னு அதுவே சொல்லட்டும்."

அவள் கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. எழுத்தர் மெதுவாகத்தான் உருவினார், உருவிவிட்டார். இயந்திரம் ஒவ்வொரு தாளாக இழுத்தது.

திரையில் அறிக்கை வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் திருப்தி.

ஸ்கேன் ஆகாத பாதிக் கட்டு இன்னும் எழுத்தரின் கையில் இருந்தது.