தென்னங்குழி

இது எங்களுக்கு ஏழாவது வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஏழு. வீடு மாறுவதற்கென்று ஒரு பரீட்சை வைத்தால் நானும் என் புருஷன் ராஜலிங்கமும் முதல் வகுப்பில் பாஸாவோம். கட்டில் கழற்ற இருபது நிமிஷம். அலுமாரி இறக்கப் பத்து நிமிஷம். என் தையல் மெஷினை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன். லொறியின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போலிருக்கிறது. சாவி கொடுக்கிற அன்று எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. தோட்டத்தில் மிளகாய் வைக்கலாம், கத்தரி வைக்கலாம், வல்லாரை வைக்கலாம். நல்ல மனசு உள்ளவர்கள் வாழை வைக்கவும் விடுவார்கள். தென்னை, பலா, மா, ஈரப்பலா மட்டும் கூடவே கூடாது. மிளகாய்ச் செடி ஆறு மாதத்தில் செத்துவிடும். மரம் நின்றுவிடும். நாளைக்கு வழக்கு என்று வந்தால், "இது நான் வச்ச மரம், எத்தனை வருஷம் இங்க இருந்திருக்கேன்னு இதைப் பாத்து சொல்லுங்க" என்று குடியிருந்தவன் கோர்ட்டில் காட்டலாமாம். அந்தப் பயம் அவர்களுக்கு.

இன்னொரு பயம் வாக்காளர் இடாப்பு, வோட்டுப் போடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். வீட்டைத் தருவார்கள், அந்த விலாசத்தில் நம் பெயரை எழுத மட்டும் விடமாட்டார்கள். பெயர் ஏறிவிட்டால் ஆளை இறக்க முடியாது என்பார்கள். வருஷா வருஷம் படிவம் வரும் காலம் நெருங்கினால் ஏதாவது ஒரு காரணம் கிளம்பும். மகளுக்குக் கல்யாணம், மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறார், கூரை மாற்ற வேண்டும். நாங்கள் வாயைத் திறக்காமல் கட்டிலைக் கழற்றுவோம்.

இந்த வருஷம் அப்படிக் கழற்ற முடியாது. எங்கள் மகள் துஷாந்திக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. கம்பளையில் நல்ல தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு இடாப்புதான் அத்தாட்சி. அது இல்லாவிட்டால் பிள்ளையைப் புசல்லாவைக்கு அனுப்பி, அவள் அத்தை வீட்டில் விட்டு, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்குத் தூக்கமே வரும். அவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

இப்போது இருக்கிற வீடு மகாவலிக் கரையில். ஊருக்குப் பெயர் உண்டு, ஆனால் பஸ்காரர்களுக்கு அது தெரியாது. "மூங்கில் பக்கம் இறக்கம்" என்றால்தான் நிறுத்துவார்கள். றோட்டிலிருந்து அறுபத்திரண்டு படி இறங்கினால் பதினான்கு வீடு, அதற்குக் கீழே ஆறு. எங்களுடையது கடைசி வீடு. மேலே அணையில் வான் கதவு திறந்தால் சங்கு ஊதும், தண்ணீர் சமையலறைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியான வாடகை. மூன்று வருஷமாக இருக்கிறோம். இதுவரை எந்த வீட்டிலும் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

வீடு ஸுலைஹா ராத்தாவுடையது. முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்கு மேலே, றோட்டோரத்தில் அவருடைய பெரிய வீடு. அவர் புருஷன் தவறி ஆறு வருஷம். மகன் ஹபீல் கட்டாரில். நல்ல மனுஷி. நோன்பு காலத்தில் கஞ்சி இறங்கி வரும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு ஏறிப் போகும். ஆனால் இடாப்புப் பேச்சை எடுத்தால் ராத்தாவின் முகம் கதவு சாத்திக்கொண்டதுபோல ஆகிவிடும். இரண்டு வருஷம் கேட்டேன். இரண்டு வருஷமும் "பாப்பம்" என்றார். மூன்றாம் வருஷம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். துஷாந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. வியாழக்கிழம படிவம் எடுத்துட்டு நானே இறங்கி வாறன். உங்க ரெண்டு பேர்ட பேரையும் எழுதித் தாறன்" என்றார்.

அது சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் கம்பளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். பேசுவது குறைவு, ஒரு நாளைக்குப் பேச வேண்டியதையெல்லாம் கடையில் ஆணிக்கும் பைப்புக்கும் செலவழித்துவிட்டு வருவார். அன்று சோற்றில் கை வைத்தபடி சிரித்தார்.

"அப்ப இனிமே இது நம்ம வீடுதான்னு சொல்லு."

"வாடகை வீடுங்க" என்றேன் நான்.

அதை அவர் காதில் வாங்கவில்லை என்பது எனக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளையும் ஒரு சடங்குக்காகப் புசல்லாவை போயிருந்தோம். அவர் வீட்டில் தனியாக இருந்தார். அடுத்த மூன்று நாளும் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னால் போக எனக்கு நேரமே இல்லை. வியாழக்கிழமை, ராத்தா வருகிறாரே என்று முற்றம் கூட்டி, பின்பக்கமும் கூட்டலாம் என்று போனேன். வாழைக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் புது மண். நடுவில் ஒரு தென்னங்கன்று. மூன்று ஓலை. சுற்றிலும் குச்சி நட்டு வேலி வேறு.

அந்தத் தேங்காயை எனக்குத் தெரியும். போன வெள்ளத்தில் ஆற்றோடு மிதந்து வந்து மூங்கில் வேரில் சிக்கிக் கிடந்தது. இவர்தான் எடுத்து வந்து குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டார். முளை விட்டபோது, "பாரு, அதுவா மொளைக்குது" என்று காட்டினார். நான் தையலில் இருந்து தலை தூக்காமல் உம் கொட்டினேன். இவர் அதை நடுவார் என்று நான் நினைக்கவேயில்லை. ஏழு வீட்டிலும் அந்தப் பாடத்தை என்னோடு நின்று கேட்டவர்தானே.

ஏன் நட்டார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். இவருடைய அப்பா வீரையா, புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பலாக் கன்று வைத்தார். அது ஆள் உயரம் வந்த பிறகு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. தோட்டத்து நிலத்தில் தொழிலாளி மரம் வைக்கக்கூடாது, வெட்டு என்று உத்தரவு. வெட்ட வந்த ஆளிடம் கத்தியை வாங்கி, மாமா தானே வெட்டினாராம். இவருக்கு அப்போது எட்டு வயது. இந்தக் கதையை இவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கல்யாணமான புதிதில். மாமா சாகிறவரை எந்த இடாப்பிலும் அவர் பெயர் இருந்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று குடியுரிமை கொடுக்காத அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு நாடே இருக்கவில்லை, இடாப்பு எங்கே இருக்கும்.

பெயர் எழுதப்போகிறார்கள் என்று நான் சொன்னதை, இனி வேர் விடலாம் என்று இவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

கடைக்கு போன் எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுத்தால் என்ன சொல்வது? ராத்தா பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார். மணி ஒன்பதரை. துஷாந்தி பாலர் பாடசாலையில் இருந்தாள். அவள் இல்லாதது நல்லதென்று நினைத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகினேன். வேலிக் குச்சிகளைப் பிடுங்கினேன். கன்றின் அடியில் இரண்டு கையையும் விட்டு இழுத்தேன். நாலு நாளில் அது என்ன வேர் பிடித்திருக்கப் போகிறது, சுலபமாக வந்துவிட்டது. அடியில் மூன்றடிக் குழி. தேங்காய் மட்டையை வரிசையாக அடுக்கி, உப்புப் போட்டு, சாம்பல் போட்டு, எல்லாம் முறையாகச் செய்திருந்தார். உப்பு டப்பா காலியானது எப்படி என்று திங்கட்கிழமை நான் பிள்ளையைத் திட்டியிருந்தேன்.

கன்றை ஒரு பழைய பெயின்ட் வாளிக்குள் வைத்து விறகுக்குப் பின்னால் தள்ளினேன். குழியை மூட மண்வெட்டியை எடுக்கும்போதே முன்வாசலில் செருப்புச் சத்தம்.

"பாலம்மா, எங்க ஈக்கிறீங்க?"

ராத்தா நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பதில் சொல்வதற்குள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கமே வந்துவிட்டார். ஒரு கையில் படிவம், ஒரு கையில் குடை. என் கையெல்லாம் மண்.

"இது என்ன குழி?"

"குப்பைக் குழி ராத்தா."

ராத்தா குனிந்து பார்த்தார். மட்டை அடுக்கைப் பார்த்தார். கம்பளைப் பக்கத்தில் பிறந்த எவர் காதிலும் அது குப்பைக் குழி என்று பூச்சுற்ற முடியாது. பொய் சொன்ன வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கன்னு எங்க?"

நான் விறகுப் பக்கம் கை காட்டினேன். வாளிக்கு மேலே மூன்று ஓலையும் தெரிந்தன.

"ஆர் வச்ச?"

"அவர்தான். தெரியாம வச்சிட்டாரு. நான் இப்பதான் பாத்தேன்."

"ஆர் புடுங்கின?"

"நான்தான்."

ராத்தா குடையை மடக்கி, சமையலறைப் படியில் உட்கார்ந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார், என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"மேல் பக்கம், பள்ளிவாசலுக்கு அங்கால ஒரு வீடு ஈந்திச்சி எங்களுக்கு. எண்ட மாப்புளட சொந்தக்காரர்தான், றவூப் நானான்னு. ஒரு வருஷம் இருக்கிறன்னு வந்தார். அஞ்சு தென்னம்புள்ள வச்சார். நாங்களும் நல்லதுதானேன்னு உட்டுட்டோம். பதினேழு வருஷம் வழக்கு. கோட்டுக்கு நடந்து நடந்தே எண்ட மாப்புள மவுத்தாகினார். அந்த வீடு இப்ப எங்கட இல்ல. தேங்கா மட்டும் றோட்டுல இருந்து பாத்தா தெரியும்."

அவர் மாப்புள என்றது தவறிப்போன தன் புருஷனை.

"நான் வரக்குள்ள அந்தக் கன்னு மண்ணுல நிண்டிருந்தா, இதக் கிழிச்சி ஆத்துல போட்டிருப்பன்" என்றார் படிவத்தைக் காட்டி. "அல்லா அறிய சொல்றன். புள்ளட முகத்தக் கூட பாத்திருக்க மாட்டன். நீங்க புடுங்கினீங்க. அதுக்குத்தான் எழுதுறன்."

உட்காரக் கதிரை கொண்டுவரப் போனேன். வேண்டாம் என்றார். படியிலேயே இருந்து, மடியில் படிவத்தை வைத்து, பேனாவைத் திறந்தார்.

"அவர்ட முழுப் பேர்?"

"வீரையா ராஜலிங்கம்."

"வீரையாண்டா?"

"அவரோட அப்பா."

ராத்தா ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு என் பெயர். பிறகு கையெழுத்து. எழுந்தபோது வாளியை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கும் மனசு ஈக்கி பாலம்மா" என்றார். "என்ன செய்ற."

அறுபத்திரண்டு படியையும் நின்று நின்று ஏறிப் போனார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக இதற்குத்தான் அலைந்தேன். கையைக் கழுவிவிட்டு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மாமாவின் பலாவை வெட்டத் தோட்டத்து ஆபீஸிலிருந்து யாரோ ஒருத்தன் வந்தானே, அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்ததேயில்லை. அன்று நினைத்தேன். அவனையாவது யாரோ அனுப்பினார்கள். என்னை யாரும் அனுப்பவில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, முகம் கழுவப் பின்பக்கம் போனார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கத்துவார், கத்தட்டும் என்று சண்டைக்கு வேண்டிய எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். ஏழு வீட்டுப் பாடம், பிள்ளையின் பள்ளிக்கூடம், காலியான உப்பு டப்பா, எல்லாம். சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பேரு எழுதினாங்களா?"

"எழுதிட்டாங்க."

"எங்கப்பா பேரையும் சேத்தா?"

"சேத்துத்தான். வீரையா ராஜலிங்கம்."

தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பார்த்தார். வேலிக் குச்சி கீறிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லியிருந்தா நானே வந்து புடுங்கியிருப்பேனே புள்ள" என்றார். "நீ ஏன் கைய வச்ச."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவர் மண்வெட்டியை எடுத்து, மட்டையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, குழியை மூட ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ஓடி வந்த துஷாந்தி அப்பாவோடு சேர்ந்து அந்த மண்ணைக் காலால் மிதித்து விளையாடினாள்.