மூன்றாம் மாடியின் எண்

ரமணி தன் எண்ணுக்குத் தானே போன் செய்தாள். இரண்டு முறை மணி அடித்ததும் யாரோ ஒரு பெண் எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்றாள்.

தமிழ்க் குரல். அதுவும் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பேசும் தமிழ். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள் ரமணி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியின் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "வணக்கம்மா. இந்த நம்பர் முன்ன என்கிட்ட இருந்துச்சு. இப்ப உங்களுக்கு ஒரு டேக் நம்பர் வரும், அந்த ரகசிய நம்பர்தான், ஆறு இலக்கம். அத மட்டும் எனக்குச் சொல்லிட்டீங்கன்னா போதும்லா" என்றாள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரமணிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. 'வங்கி என்றும் போலீஸ் என்றும் சொல்லி உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்' என்று அவள் வேலை பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்தின் வாசலில் மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறது. அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே அவள்தான். அந்த ஏமாற்றுக்காரன் எந்தக் குரலில், எந்தத் தோரணையில் பேசுவானோ அதே தோரணையில் தானும் பேசி வைத்ததை எண்ணியபோது, எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

ஆனால் காரியம் சிரிக்கக்கூடியதாக இல்லை. அந்த ஆறு இலக்கங்கள் கிடைக்காவிட்டால் இரண்டு வருடப் பாட்டு போய்விடும்.

ரமணி பாடுவாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே பாடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அது சமையலறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் சுருங்கிப்போனதைப் பற்றி அவளுக்குப் பெரிய புகார் எதுவும் இருந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தீபாவளிக்கு, நாத்தனார் வீரம்மா வீட்டில் கரோக்கே பெட்டி வைத்திருந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர் ஆண் குரலுக்கான வரிகளை எடுக்க, ரமணி பெண் குரலை எடுத்தாள். பாதிப் பாட்டில் கணவன் ரெங்கசாமி, "போதும் ரமணி, ஆளுங்க பாக்குறாங்க" என்றான். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். வீரம்மா அதை விடவில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு மாதம் வரைக்கும் ரமணியின் பெயருக்குப் பின்னால் மைக் படம் போட்டுச் சிரித்தாள். "இந்த வயசுல அண்ணி டூயட் பாடக் கெளம்பிட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள். ரெங்கசாமியும் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தான். அந்த மஞ்சள் முகத்தை ரமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பாடுவதற்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

இடம் அலுவலகத்திலேயே இருந்தது. பூக்கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடி. சாவி ரமணியிடம். முதலாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் வந்துவிடுவாள். கோப்புகள் வைக்கும் அறையில் தரையிலிருந்து கூரை வரை பழைய வழக்குக் கட்டுகள். ஒருநாள் ஏதோ கட்டைத் தேடிக்கொண்டே முணுமுணுத்தபோதுதான் கவனித்தாள், அந்த அறையில் எதிரொலியே இல்லை. காகிதம் மற்ற சத்தத்தையெல்லாம் குடித்துவிட்டு, குரலை மட்டும் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. மறுநாள் போனில் பாட்டுச் செயலியை இறக்கினாள். யாராவது ஒருவர் பாதிப் பாட்டைப் பாடி வைத்திருப்பார்; மீதியை நாம் பாடிச் சேர்த்தால் டூயட் ஆகிவிடும். பாடுகிறவர் ஜொகூரிலும் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம்.

செயலி முதலில் கேட்டது போன் நம்பர். பக்கத்து மேசை தாமரைதான் தடுத்தாள்.

"அக்கா, உங்க சொந்த நம்பரப் போட்டுறாதீங்க. போட்டீங்கன்னா உங்க நம்பர் யார் யார் போன்ல இருக்கோ அவங்களுக்கெல்லாம் 'ரமணி சேர்ந்துட்டாங்க'ன்னு போயிரும். உங்க நாத்தனார் அதுல இருக்காங்களா?"

"அவ இல்லாத எடம் எது?"

தாமரை ஆன்லைனில் கேக் விற்பவள். கண்டவனும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமலிருக்க ஒரு மெய்நிகர் எண்ணை வாடகைக்கு வைத்திருந்தாள். சிம் கார்டு கிடையாது, கடைக்குப் போக வேண்டாம். மாதா மாதம் கட்டினால் ஒரு எண் இணையத்தில் உங்கள் பெயருக்கு இருக்கும், அதற்கு வரும் அழைப்பையும் செய்தியையும் உங்கள் போனிலேயே பார்க்கலாம். ரமணிக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். வந்த ரகசிய எண்ணைத் தட்டியதும் கணக்கு திறந்தது. பெயர் என்ன என்று கேட்டது. ரமணி யோசிக்கவேயில்லை. 'மூன்றாம் மாடி' என்று போட்டாள்.

கணக்கு திறந்தாகிவிட்டதே, இனி அந்த எண் எதற்கு என்று இரண்டாம் மாதமே வாடகையை நிறுத்திவிட்டாள். அதுதான் தப்பு. போன வியாழக்கிழமை பழைய போன் செத்துப்போனது. புதுப் போனில் செயலியைத் திறந்தால், உங்கள் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த எண்ணுக்கு? அவள் விட்டுவிட்ட, இப்போது வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருந்த எண்ணுக்கு. செயலிக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தாள். எண்ணின் உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும் என்று இயந்திரம் பதில் எழுதியது. அவளுடைய குரல் வேறு எங்கும் பதிவாகியிருக்கவில்லை. கல்யாண வீடியோவில்கூட நாதஸ்வரம்தான் கேட்கும்.

ரயில் ஷா ஆலாம் தாண்டியபோது ரமணி அந்த எண்ணுக்கு வாட்ஸாப்பில் எழுதினாள். 'நான் ஏமாற்றுக்காரி இல்லை. ஏமாற்றுக்காரியும் இதைத்தான் சொல்வாள் என்று தெரியும். அதனால் நான் சொல்வதை நம்ப வேண்டாம். பாட்டுச் செயலியில் மூன்றாம் மாடி என்ற பெயரைத் தேடுங்கள். கேளுங்கள். பிறகு எனக்குப் போன் செய்யுங்கள். அந்தக் குரலும் என் குரலும் ஒன்றா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.' செயலியின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினாள்.

கிள்ளானில் இறங்கும்போது பதில் வந்திருந்தது. 'கேட்கிறேன். நாளைக்குக் கூப்பிடுகிறேன். ஆனால் எதுவும் உறுதியில்லை.'

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி வாசலில் காருக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. வாரம் முழுக்கச் சத்தத்திலேயே இருப்பதால் வீட்டில் அதிகம் பேசமாட்டான். ரமணி முன்வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த எண்தான்.

"அக்கா, நான் ஷபானா. சுபாங் ஜெயாவுல இருக்கேன். வீடு தேடுறதுக்காக இந்த நம்பர எடுத்தேன். ஏஜென்ட் எல்லாருக்கும் சொந்த நம்பர் குடுத்தா நிம்மதியா இருக்க முடியாதுல்ல? நேத்து அப்படிக் கட் பண்ணினதுக்குத் தப்பா நினைக்காதீங்க."

"நல்ல வேலை செஞ்ச. நீ உடனே குடுத்திருந்தா நான்தான் உன்னத் திட்டியிருப்பேன்."

ஷபானா சிரித்தாள். "பாட்டெல்லாம் கேட்டேங்க்கா. அந்த மூணாம் மாடி நீங்கதான்னா இப்போ பாடுங்க. ஆனா ஒண்ணு. பழைய ரெக்கார்டிங்க எடுத்து யாரு வேணாலும் போன்ல போட்டுக் காட்டலாம். எனக்கு வேலையே சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான், இப்படி ஓட்டையத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. அதனால அந்தத் தாலாட்டுப் பாட்டு இருக்குல்ல, அதுல கண்மணின்னு வர்ற இடத்துல எல்லாம் என் பேரப் போட்டுப் பாடுங்க."

ரமணிக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது.

பின்கட்டுக்குப் போய்விடலாம் என்று கால் ஒரு எட்டு வைத்தது. அங்கே துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, யார் காதிலும் விழாது. அந்த ஒரு எட்டோடு நின்றாள். கோப்பு அறைக்குப் போகச் சொல்லி அவளை யாரும் அனுப்பவில்லையே, அவளாகத்தானே போனாள் என்று திடீரென்று தோன்றியது. அவளாகப் போன இடத்திலிருந்து அவளாகவே திரும்பியும் வரலாம். கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

பாடினாள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு அது. முதல் வரியில் கண்மணி இரண்டு முறை வரும். ஷபானா என்ற பெயர் அந்த இடத்தில் இயல்பாகப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது முறை 'பா'வைச் சற்று நீட்டியபோது பெயர் இன்னும் அழகாயிற்று. கோப்பு அறையில் குரல் சுத்தமாகக் கேட்கும், ஆனால் எங்கும் போகாது. இங்கே அது வாசல் கேட்டைத் தாண்டிப் போனது. எதிர்வீட்டுச் சீனத்து அங்கிள் செய்தித்தாளைத் தாழ்த்தினார். ரெங்கசாமியின் கை காரின் கூரையில் ஸ்பாஞ்சோடு நின்றுவிட்டது. ரமணி அவனைப் பார்த்தாள், பார்வையை எடுக்காமலே சரணத்துக்குப் போனாள். நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்று எண்ணவேயில்லை. பாட்டு முடியும் வரை நிறுத்தப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்தது.

"எங்கம்மா கீழக்கரையில இருக்காங்க" என்றாள் ஷபானா. குரல் மாறியிருந்தது. "என் பேரச் சொல்லி யாரும் பாடி ரொம்ப நாளாச்சுங்க்கா. இருங்க, நீங்க அங்க கோட் கேளுங்க."

ரமணி செயலியில் பொத்தானை அழுத்தினாள். ஷபானா ஆறு இலக்கங்களையும் வாசித்தாள். "இத யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு மெசேஜ்லயே போட்டிருக்கான்."

"இனிமே சொல்லாத."

"முதல்ல நம்பர மாத்துங்க. அடுத்த மாசம் நானும் இத விட்டுருவேன். அப்புறம் யாரு கையில போகுமோ."

கணக்கு திறந்தது. எல்லாப் பாட்டுகளும் இருந்தன. ரமணி அங்கே நின்றபடியே பழைய எண்ணை அழித்துவிட்டு, அடையாள அட்டை காட்டித் தன் பெயரில் வாங்கிய சொந்த எண்ணைப் போட்டாள். பெயரை மாற்றவில்லை. உங்களைத் தெரிந்தவர்களுக்கு அறிவிக்கட்டுமா என்று செயலி கேட்டது. அறிவி என்றாள்.

"யாரு போன்ல?" என்றான் ரெங்கசாமி.

"ஷபானான்னு ஒரு புள்ள. நேத்துதான் தெரியும்."

"நேத்து தெரிஞ்ச புள்ளைக்கா பாடுன?"

"தெரியாத ஆளுங்களோடயும் பாடியிருக்கேன். ரெண்டு வருஷமா. ஆபீஸ்ல, காலையில." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கால்சட்டைப் பையில் போன் அடித்தது. சோப்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தான். வீரம்மாவின் குரல் துணிக்கொடி வரைக்கும் கேட்டது. யாரோ மூன்றாம் மாடியாம், பார்த்தால் நம்ம அண்ணி நம்பராம், பக்கத்துல எவனோ ஒரு ஆம்பள படமாம். ரெங்கசாமி நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். சோப்பு அவன் முழங்கையிலிருந்து சொட்டியது.

"ஆமா, அவதான்" என்றான். பிறகு, "கேட்டேன். இப்பத்தான் கேட்டேன். இல்ல, நேர்ல" என்றான். பிறகு, "வேலையா இருக்கேன் வீரம்மா, வையி."

போனை வைத்துவிட்டுக் காரின் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமா இல்லையா என்று அந்த முதுகிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயைத் திறந்து காரில் தண்ணீர் அடிக்கத் தொடங்கினான். ஒரே இடத்தில், முன் கண்ணாடியிலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

ரமணி படிக்கட்டில் உட்கார்ந்து செயலியைப் புரட்டினாள். ஈப்போவிலிருந்து யாரோ ஒருவர் ஒரு பழைய பாட்டின் பாதியைப் பாடி, மறுபாதியைக் காலியாக வைத்திருந்தார். நல்ல குரல். அவசரப்படாத குரல். பொத்தானை அழுத்தப் போனவள், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, அந்தத் தண்ணிய கொஞ்சம் நிறுத்துங்க. சத்தம் பதிவாயிரும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அப்புறம் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். குனிந்து அடைத்தான். பாதி சோப்பும் பாதி தண்ணீருமாகக் கார் வெயிலில் நின்றது. கதவின் அடிவிளிம்பிலிருந்து சிமெண்டுத் தரையில் துளித் துளியாகச் சொட்டிக்கொண்டிருந்த சத்தம் ஓயட்டும் என்று, ரமணி சிவப்புப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குழாய் முனையை உள்ளங்கையால் பொத்தியபடி அவனும் அசையாமல் நின்றான்.