இடது கண்ணும் குட்டைக் காலும்

விமானப்படையின் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது சிவநந்தினிக்கு. ஆனால் அன்றைக்கே வீட்டில் அம்மாவும் அப்பாவும், தாங்கள்தான் பரிசோதனைக்குப் போகப்போகிறவர்கள் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

பைலட் அதிகாரிப் பயிற்சிக்கான எழுத்துப் பரீட்சையை அவள் தாண்டியிருந்தாள். முதல் நேர்முகத்தையும் தாண்டியிருந்தாள். "ஏன் பறக்க ஆசைப்படுகிறாய்?" என்று அங்கே கேட்டபோது அவள் சொன்ன காரணம் சின்னது. பெருமழையில் ரோடெல்லாம் மண் மூடிக் கிடந்த நாளில், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஹெலிகொப்டர் வந்து இறங்கி அரிசி மூட்டைகளை வைத்துவிட்டுப் போனது. எல்லாரும் அரிசியைப் பார்த்தார்கள். அவள் ஹெலிகொப்டரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

எடை குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று துணிக்கடையில் தன்னோடு வேலை செய்யும் யாரோ சொல்லிவிட, அம்மா பரிமளம் மகளுக்கு முட்டையும் வாழைப்பழமுமாக ஊட்டித் தள்ளினாள். "போதும்மா, பிளேன் தூக்காது" என்று நந்தினி கெஞ்சினாலும் தட்டு காலியாகவில்லை.

அப்பா வீரசிங்கம் கண் விஷயத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாத்தளை – தம்புள்ளை தனியார் பஸ் ஓட்டுகிறவர். "டிரைவருக்கே கண்ணு பாக்குறாங்க, பைலட்ட சும்மா விடுவாங்களா?" என்று சொல்லி, டவுனில் தெரிந்த கண்ணாடிக் கடைக்காரரிடம் பழைய எழுத்து அட்டை ஒன்றை வாங்கிவந்து குளியலறைக் கதவில் மாட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தினமும் பரிசோதனை. கையில் அகப்பைக் காம்புடன் டொக்டர் வீரசிங்கம் எழுத்துகளைத் தொட்டுக் காட்டுவார். வீட்டின் மறுகோடியில், முன் வாசலோடு ஒட்டி நின்று நந்தினி வாசிப்பாள். கடைசி வரியைக்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்ததும் அப்பா அகப்பையால் கதவில் ஒரு தட்டுத் தட்டி, "பாஸ்!" என்பார்.

ஒருநாள் அவளுக்குக் குறும்பு வந்தது. "இப்ப நீங்க வாங்க டொக்டர். உங்களுக்கு யாரு பாக்குறது?"

அகப்பை கைமாறியது. வீரசிங்கம் வாசலில் போய் நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு, கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் கணீரென்று வாசித்தார். பிறகு வலது கண்ணை மூடினார். அவள் அகப்பையை உயர்த்தும் முன்பே மேல் வரியிலிருந்து கடகடவென்று ஒப்பிக்கத் தொடங்கினார். ஒரு எழுத்தும் பிசகவில்லை. அவள் இன்னும் எதையும் தொட்டுக் காட்டவே இல்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

நந்தினி சிரித்துக்கொண்டே அகப்பையை மூன்றாம் வரியின் நடுவே வைத்தாள். "இது என்னன்னு சொல்லுங்க."

"எது?"

"நான் காட்டுறது."

அவர் கழுத்தை நீட்டினார். கண்ணைச் சுருக்கினார். "பல்ப் வெளிச்சம் பத்தாது புள்ள. சோறு ஆறுது, வா" என்று அடுக்களைக்குள் போய்விட்டார். அவள் கதவருகிலேயே நின்றாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் தான் வாசிக்க வாசிக்கக் கேட்டே அப்பா மனப்பாடம் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை, தம்புள்ளையில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி அப்பாவின் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் அன்ஸாப் அவருடன் பல வருடமாக ஓடுகிறவர். அண்ணன் முறை வைத்து, அவளுக்கு அவர் அன்ஸாப் நானா. டிக்கெட் போடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாசல்படியில் நின்று வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். எல்லாக் கண்டக்டரும் செய்வதுதான். ஆனால் இவர் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். "இடதுல சைக்கிள் ஒண்ணு ஈக்குது அண்ணே... போகலாம்... புள்ளைகள் நிக்கிது, மெல்ல... சரி, சரி." நாலந்தா தாண்டியதும் ஒரு வளைவில் ரோட்டோரம் புல் சுமந்து போன ஒரு கிழவரைக் காட்டி "ஆள், ஆள்!" என்று அன்ஸாப் கத்திய பிறகுதான் பஸ் வலப்பக்கம் விலகியது. நந்தினி அந்தக் கிழவரைத் தூரத்திலேயே பார்த்திருந்தாள்.

தம்புள்ளையில் அப்பா தேநீர் குடிக்க இறங்கியதும் அவள் அன்ஸாபைப் பிடித்தாள். "எப்ப இருந்து நானா?"

அவர் டிக்கெட் மெஷினைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "நோம்புக்கு முந்தி இருந்து. லைட் பட்டா கூசுதுன்னு செல்லுவாரு. டொக்டர்ட்ட போங்கன்னு நானும் சென்னேன். புள்ளைட மெடிக்கல் முடியட்டும், அதுக்குப் பொறகு பாப்போம்டாரு. நான் என்ன செய்ய? அவர்ட இடது கண்ணா நானே நிக்கிறேன்."

தேநீர்க் கடையில் அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். தன் பிளேன்டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்து, பணிஸ் ரொட்டியையும் நகர்த்தி வைத்த மனிதரிடம் குரல் எழவில்லை.

"அப்பா, எனக்கு இன்னும் பிளேன் தரல. தருவாங்களான்னும் தெரியாது. அதுக்கே கண்ணு, காது, பல்லு, நெஞ்சுன்னு ஒண்ணு விடாம பாக்கப் போறாங்க. நீங்க பஸ் நெறைய ஆள ஏத்திக்கிட்டுத் தெனமும் போறீங்க."

வீரசிங்கத்தின் முகம் கறுத்தது. "இத்தன வருஷத்துல ஒரு கீறல் இல்ல. தெரியுமா?"

"தெரியும். அந்தப் புல்லுக்கட்டுத் தாத்தாவையும் தெரிஞ்சுச்சா?"

அவர் கண்ணாடிக் கோப்பையை மேசையில் சுற்றிச் சுற்றி வைத்தார். பிறகு, "லைசன்ஸ் போயிட்டா நான் வீட்டுல என்ன பண்றது புள்ள?" என்றார். அப்பா பயந்து அவள் பார்த்ததில்லை. மேசைக்கு மேலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"நீங்க கண்ணக் காட்டாம நான் மெடிக்கலுக்குப் போக மாட்டேன்" என்றாள்.

"என்ன வெருட்டுறியா?"

"ஆமா."

அன்றைக்குத் திரும்பும் ஓட்டத்துக்கு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஸ்டாண்டில் ஓய்வாக இருந்த இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிவிட்டு, நந்தினிக்குப் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து வந்தார். மாத்தளையில் இறங்கியதும் நேராகப் போய் பஸ் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. அவராகச் செய்தார்.

கண் டொக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். சின்ன ஒபரேஷன், லென்ஸ் வைத்தால் பழையபடி தெரியும், எல்லாம் சரியாக இருந்தால் வண்டியும் ஓட்டலாம் என்றார். வீட்டில் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஒபரேஷனுக்குக் கிடைத்த தேதியும் நந்தினியின் பரிசோதனைத் தேதியும் ஒரே நாள்.

"நான் என்ன ரெண்டாப் பொளந்துக்கவா?" என்று பரிமளம் இடுப்பில் கை வைத்தாள்.

"நீ புள்ளையோட போ. எனக்குக் கண்ணக் கட்டிவிடுவாங்க, பக்கத்துல யாரு நிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியப்போவுது?" என்றார் வீரசிங்கம். கடைசியில் அன்ஸாப் லீவு போட்டு அவருடன் போவதென்று முடிவானது.

பரிசோதனை கொழும்பில். வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை டீஷேர்ட், நீலக் காற்சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டார்கள். கண் அறையில் கடைசி வரி வரைக்கும் அவள் வாசித்தாள். புள்ளிப் படங்களுக்குள் மறைந்திருந்த எண்களைச் சொன்னாள். காது அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, எங்கோ தூரத்தில் கொசு பாடுவது போன்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கினாள். பல் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், முழங்கால்கள் முட்டுகின்றனவா என்று நேராக நிற்கச் சொன்னார்கள். எடை சரியாக இருந்தது. வாழைப்பழங்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

கடைசி அறையில் ஒரு பெண் டொக்டர் அவளைச் சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் உட்காரச் சொன்னார். கால்களை நீட்டச் சொல்லி, இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு மறுபடி அளந்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். நந்தினி மூச்சை இழுத்துப் பிடித்துக் கால்விரல்களை நீட்டினாள். குதிகால் அசையவில்லை.

டொக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விமானத்தில் பைலட் சீட்டில் கட்டிப்போட்ட நிலையில் பெடலை முழுதாக மிதிக்கவேண்டும். அதற்கு ஓர் அளவு இருக்கிறது. அவள் கால் அந்த அளவுக்குக் கொஞ்சம் குட்டை.

"பயிற்சி செஞ்சா சரியாகாதா, மிஸ்?"

"எலும்புக்கு ஏது நங்கி பயிற்சி?" தங்கையைக் கூப்பிடுகிற அந்தச் சிங்களச் சொல்லோடு டொக்டர் அவள் தோளில் கை வைத்தார். கண்ணும் காதும் இவ்வளவு நன்றாக இருக்கிற பிள்ளையை விடக்கூடாது, விமானங்களை வழிநடத்துகிற பிரிவுக்கும் அதிகாரிகள் எடுக்கிறார்கள், விரும்பினால் தேர்வுச் சபையிடம் கேட்டுப் பார் என்றார். நந்தினி தலையாட்டினாள். மனம் அதில் ஒட்டவில்லை.

வெளியே பரிமளம் மரத்தடியில் சோற்றுப் பார்சலுடன் காத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நந்தினியின் கால்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கப்பா காலு" என்றாள். "முதுகுக்குப் பின்னால ரெண்டு தலகாணி வச்சுத்தானே அந்த மனுசன் கிளச்ச மிதிக்கிறாரு. கலியாணத்துல பக்கத்துல நிக்கிறப்பவே எனக்குத் தெரியும், இந்தக் காலு ஒரு நாளைக்கு ஏதாவது பண்ணும்னு."

நந்தினிக்கு அழுகை பொங்கி வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து மூச்சு முட்ட, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். பரிமளம் ஒரு கையால் மகளையும் மறு கையால் சோற்றுப் பார்சலையும் அணைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வீரசிங்கம் இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடியுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அன்ஸாப் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலோடு காவல். "என்ன புள்ள, பாஸா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். வீரசிங்கம் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தன் கால்களைப் பார்த்தார். பிறகு மெல்ல அவற்றைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நந்தினிக்குத் தன் துக்கம் மறந்துபோனது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையோடு சேர்த்து அவர் பாதங்களைப் பிடித்தாள். "ஒளிச்சு வைக்காதீங்க. இந்தக் காலாலதானே எங்களுக்குச் சோறு போட்டீங்க."

"வேற வேல ஏதோ இருக்குன்னு சொன்னியே?" என்றார் அவர்.

"மேல கூண்டுல இருந்துக்கிட்டு, இப்ப எறங்கு, இப்ப பொறு, இப்ப போன்னு பிளேனுக்குச் சொல்ற வேல. எனக்கு வேணாம்ப்பா."

வீரசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப டைம் கீப்பரா?"

"ம்... அப்படித்தான்."

"பைலட்டு கூட இவங்க சொன்னாத்தான் எறங்கணுமா?"

"ஆமா."

"சொல்லாட்டி?"

"சுத்திக்கிட்டே இருக்கணும்."

அவர் அன்ஸாபைப் பார்த்தார். அன்ஸாப் அவரைப் பார்த்தார். "வாழ்க்க பூரா டைம் கீப்பர்ட்ட பேச்சு வாங்கினவங்க நாங்க ரெண்டு பேரும்" என்றார் வீரசிங்கம். "அவன் கை காட்டாம ஒரு பஸ் ஸ்டாண்ட விட்டு அசையுமா? இவ என்னடான்னா பிளேனுக்கே டைம் கீப்பராப் போகச் சொன்னா, வேணாம்கிறா!"

"தலைய ஆட்டாதீங்க அண்ணே, லென்ஸ் விழுந்துடும்" என்று அன்ஸாப் அவர் தலையைத் தலையணையில் அமுக்கினார்.

சிரித்தாளே தவிர, நந்தினி அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்டது அந்த வேலை இல்லை. சில நாட்கள், வீட்டுக்கு மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடும் பழக்கத்தை நிறுத்திப் பார்த்தாள். முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அப்பாவின் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது, "கண்ணத் திறங்க... மேல பாருங்க... இப்ப மூடுங்க" என்று தான் சொல்வதும், அவர் அப்படியே கேட்பதும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு மாலை, அந்தப் பிரிவைக் கேட்டுத் தேர்வுச் சபைக்கு எழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சிக்குப் போகும் நாளுக்குள் வீரசிங்கத்தின் கண் தேறிவிட்டது. டொக்டர் சரி சொல்லி, அவர் மறுபடி பஸ்ஸில் ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்புள்ளை வரைக்கும் மகளை அவர்தான் கொண்டுபோனார். அன்ஸாப் இந்த முறை வாசலில் பேசாமல் நின்றார். பேச ஒன்றும் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம்கூட இருந்தது.

ஸ்டாண்டில், பயிற்சி முகாமுக்குப் போக அவள் மாறி ஏறவேண்டிய அடுத்த பஸ் புறப்படக் காத்திருந்தது. வீரசிங்கம் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வந்து மகளுக்கு முன்னால் நின்றார். அவள் முகத்தையே பார்த்தார்.

"இதென்ன, தாடைக்குக் கீழ மச்சம்? எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுல இருந்து இருக்குப்பா."

"அப்படியா?" என்றார். பெருவிரலால் அதைத் தொட்டுப் பார்த்தார், அழிகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி. "நல்லாத்தான் இருக்கு. ஏறு, ஏறு, பஸ்ஸ எடுக்கப் போறான்."